கட்டினவன்தான் அவிழ்க்க வேண்டுமாம்

இந்த அமெரிக்க ஊரில் சனிக்கிழமை காலையில் வளர்ந்த ஆம்பிளைகள் மந்திரச் சண்டை போடுகிறார்கள். எங்கள் ஊர் குன்னத்துகாலில் போய்ச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அலுவலகத்தில் சம்பள உயர்வு கேட்கும்போதுகூடக் குரலை உயர்த்தாதவர்கள், யாராவது ஒருவர் வீட்டில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பல முகம் கொண்ட பகடைகளை உருட்டி, ஒரு மந்திரத்தின் மேல் இன்னொரு மந்திரம் பலிக்குமா என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். ஒருவன் போர்வீரன், ஒருவன் திருடன், நான் மந்திரவாதி. ஆட்டத்தை நடத்தித் தீர்ப்புச் சொல்கிறவன் கிரெக், அலுவலகத்தில் எனக்கு அடுத்த நாற்காலிக்காரன்.

முதல் சண்டை ஒரு கதவால் வந்தது. எங்கள் கூட்டம் ஒளிந்திருந்த அறையின் கதவை நான் மந்திரத்தால் கட்டிவிட்டு, காவல்கூட வேண்டாம், எல்லாரும் தூங்குங்கள் என்று சொல்லிவிட்டேன். எதிரி மந்திரவாதி வந்தான். அவனுக்காக கிரெக் பகடை உருட்டினான். என் கட்டு அவிழ்ந்துவிட்டதாம்! எங்களில் இரண்டு பேர் காலி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் கட்டியதை அவன் எப்படி அவிழ்ப்பான்? கட்டினவன்தானே அவிழ்க்க வேண்டும்?" என்றேன். அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கிரெக் விதிப்புத்தகத்தைப் புரட்டினான். எங்கள் பக்கம் பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்றேன். "உங்கள் குடும்பமே மந்திரவாதிகளா?" என்று அவன் மிகுந்த மரியாதையோடு கேட்டான். காலமான என் அப்பா மரச்சீனிக் கிழங்கு விற்றவர். கடைசியில் இன்னொரு விதியையும் வாசித்துக் காட்டினார்கள். போட்டவன் செத்தால் அவன் பிடித்து வைத்திருந்த மந்திரமும் அத்தோடு முடிந்துவிடும். நான் புத்தகத்தை வாங்கி அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

காரணம் என் தங்கை வசந்தா. நிலத்தகராறில் சொந்தக்காரர் யாரோ மந்திரம் தெரிந்த ஓர் ஆசானை வைத்து, அவளுக்குக் கல்யாணம் நடக்காதபடி கட்டுப் போட்டுவிட்டார் என்று சோழி உருட்டிப் பார்த்தவர் சொன்னார். மீறிக் கட்டிக்கொடுத்தால் மாப்பிள்ளை உயிருக்கு ஆகாதாம். அவிழ்க்கச் சொல்ல ஆசானைத் தேடிப்போனால் ஆசான் செத்துப்போயிருந்தார். முடிந்தது கதை. வந்த வரன்களையெல்லாம் அம்மா திருப்பி அனுப்பினாள். டியூட்டோரியலில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் வசந்தா. பக்கத்து ஊரான காரோட்டில் பள்ளி ஆசிரியராக இருக்கும் ஒருவர் அவளைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறார், அவளுக்கும் அவரைப் பிடித்திருக்கிறது. இங்கே விளையாட்டு மந்திரத்துக்குப் புத்தகம் உண்டு, தீர்ப்புச் சொல்ல ஆள் உண்டு, எதிர்த்துப் பேசலாம். அங்கே ஒரு பெண்ணின் வாழ்க்கைக்குச் சோழிக்காரரின் வாய்ச்சொல் போதும்.

விடுப்பில் போனபோது அந்தப் புத்தகத்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனேன். அம்மா முன்னால் விரித்தேன். "போட்டவன் செத்தா மந்திரமும் செத்துரும்மா. இந்தா பாரு, விதி."

அம்மா படங்களைப் பார்த்தாள். "வெள்ளக்காரனுக்க மந்திரம் அவனுவளுக்குத்தான் மக்கா பலிக்கும். ஆசானுக்க கட்டு வேறயாக்கும்."

நானும் விடவில்லை. எந்த மந்திரத்துக்கு வலு அதிகம், எதை எது வெட்டும் என்று வாதாடிக்கொண்டே இருந்தேன். அதுவரை சும்மா நின்ற வசந்தா புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

"அம்மை ஒரு விதி சொல்லுதா, நீ ஒரு விதி சொல்லுத. கட்டே இல்லண்ணு சொல்ல இந்த வீட்டில ஒரு நாக்கு இல்லியா?"

எனக்குச் சுருக்கென்றது. சோழிக்காரர் மேல், அம்மா மேல், என் மேல், எல்லார் மேலும் ஒன்றாகக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே விமானம் ஏறினேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை ஆட்டம் என் வீட்டில். பாறசாலை ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து வசந்தா கூப்பிட்டாள். "அண்ணே, காரோட்டுக்காரங்க கடைசியா கேக்காவ. அம்மைட்ட சொல்லு" என்று ரிசீவரை அம்மாவிடம் கொடுத்தாள். இந்தமுறை நான் விதி எதுவும் பேசவில்லை.

"அம்மா, கட்டுண்ணு ஒண்ணு கிடையவே கிடையாது. பயப்படாம கெட்டிக்குடு."

"அங்க இருந்து சொல்லுதது எளுப்பமாக்கும்" என்றாள் அம்மா. "நாளைக்கு ஒண்ணு ஆனா ஊர் முன்ன நிக்கப்போறது நானாக்கும். சொல்லணும்னா இஞ்ச வந்து நிண்ணு சொல்லு மக்கா."

வசந்தா ரிசீவரைப் பிடுங்கியது கேட்டது. "போட்டு, விடு அண்ணே. நாளைக்கு அவிய வாறாவ. நானே சம்மதம் சொல்லப்போறேன். அம்மை பேசட்டும், பேசாம இருக்கட்டும்."

"கல்யாணம் எப்போ? லீவு கேட்டுப் பாக்கட்டா?"

"வந்தா சந்தோசம். உனக்க லீவுக்காக இனி நான் காத்திருக்க மாட்டேன்." வைத்துவிட்டாள்.

திரும்பினேன். "மணி, உனக்காகத்தான் எல்லாரும் காத்திருக்கிறோம். என்ன மந்திரம் போடப்போகிறாய்?" என்றான் கிரெக். பூத்திலிருந்து இறங்கிய இருவரும் இந்நேரம் ஒருவரோடொருவர் பேசாமல் பஸ்ஸுக்கு நின்றிருப்பார்கள். இங்கே நாலு வெள்ளைக்காரர்கள், என் வாயிலிருந்து வரப்போகும் மந்திரத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.