வெளிச்சம் மறைக்குது

மாநகராட்சியில் காலிக் கட்டடங்களைப் படம் எடுக்கவென்றே ஒரு போட்டோக்காரன் இருந்தான். காலியென்று படம் காட்டினால்தான் பழையதை இடித்து, அங்கே கண்ணாடிக் கட்டடம் எழுப்பலாம். ஒரு கட்டடத்துக்கு நான்கு படம். எதிலாவது ஆள் தெரிந்தால் கட்டடம் பட்டியலிலிருந்து போய்விடும். அப்படி இரண்டைக் கோட்டைவிட்ட பழைய போட்டோக்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இவன் கெட்டிக்காரன். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது" என்பான். கொடியில் காயும் துணியை எடுக்கச் சொல்வான். பாவப்பட்ட ஜனங்களும் சிரித்தபடி ஒதுங்குவார்கள். பதினோரு வருஷமாக இதே பிழைப்பு. அதனால் அவனுக்கு ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை.

பன்னிரண்டாம் வருஷம் பட்டியலில் அவன் அக்கா குடியிருந்த கட்டடம் வந்தது. ஐந்து வீடுகள் பூட்டிக் கிடந்தன. மூன்றாம் மாடியில் அக்கா மட்டும், தையல் மிஷினோடு. அவனுக்கு முதல் கேமரா வாங்கிக் கொடுத்தது அந்த மிஷின்தான்.

"ரிப்பேர் பண்ணத்தான்க்கா படம் எடுக்கறோம்" என்றான் கூசாமல்.

"முன்னாடியே சொல்லக் கூடாதாடா? வீடு கெடக்கற லட்சணத்தைப் பாரு!"

அக்கா தரையைக் கழுவி, ஜன்னல் கம்பிகளைத் தேய்த்துத் துடைத்தாள். மிஷினையும் பாத்திரங்களையும் இருவருமாகக் குளியலறைக்குள் தள்ளினார்கள். அக்காவும் அங்கேயே நின்றுகொண்டாள்.

"முடிஞ்சுதாடா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. படங்கள் அருமையாக வந்திருந்தன.

கதவில் இடிப்பு நோட்டீஸைப் பார்த்ததும் அக்கா பதறிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினாள். அதிகாரி மேசையில் படங்களைப் பரப்பினார். "யாரும் குடியில்லையேம்மா." பக்கத்தில் நின்ற தம்பி தரையைப் பார்த்தான். இவன் என் தம்பி என்று சொன்னால் அவன் வேலை போய்விடும். அக்கா சொல்லவில்லை.

"கம்பியெல்லாம் பளபளன்னு இருக்கே சார்," என்று மட்டும் கேட்டாள். "ஆளில்லாத வீட்டை யாரு தொடைச்சது?"

அதிகாரிக்கே அது நியாயமாகப் பட்டது. "என்னய்யா இது?" என்று திரும்பினார். உண்மையைச் சொன்னால் வீடு தப்பிவிடும்.

"நான்தான் சார். படம் நல்லா வரணுமேன்னு தொடைச்சேன்."

"வேலைன்னா இப்படி இருக்கணும்" என்று அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

இடித்த அன்றும் அவன்தான் படம் எடுக்கப் போனான். மண்மேட்டுக்கு முன்னால் மிஷினோடு அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருக்கா, வெளிச்சம் மறைக்குது."

அக்கா அசையவில்லை. அவனைப் பார்த்தபடியே இருந்தாள். அவன் நான்கு அடி நகர்ந்து, அவள் தெரியாத பக்கமாக நின்று எடுத்துக்கொண்டான்.