மலைக்குப் பெயர் சொன்ன ரஞ்சி அக்கா

ரஞ்சி அக்கா இறந்துவிட்டார். இன்று காலை அவருடைய மகள் துசி போன் செய்து சொன்னாள்.

ஆக்லாந்தில் பலருக்கு அவரைக் கோயில் அன்னதானத்தில் கறி பரிமாறுபவராகத் தெரியும். எனக்கு, தொண்ணூறுகளில் நான் எழுதிய ஒரு செய்தியின் வழியாகத் தெரியும்.

அவருடைய கணவர் மலையேறுபவர். மருந்துக்கும் ஒரு மலை இல்லாத யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்... ஆக்லாந்தின் விரி பகுதியில் ஒரு தொழிற்சாலையில் வேலை, லீவு கிடைத்தால் நியூசிலாந்தின் தென்தீவுப் பனிமலைகள். அடுத்தவர் சுமையையும் சேர்த்துத் தூக்கி நடப்பார் என்று கூட ஏறியவர்கள் சொல்வார்கள்.

ஒரு கோடையில் பனிச்சரிவு அவரைக் கொண்டுபோய்விட்டது. தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை.

அந்தப் பகுதியில் பெயரே இல்லாத ஒரு சிகரம் இருந்தது. சாலை முடிந்த இடத்திலிருந்து நாள்கணக்கில் நடந்தால்தான் கண்ணில் படும். அதற்கு அவர் பெயரை வைக்க வேண்டும் என்றது அவருடைய மலையேற்றக் குழு.

"உங்க ஊர்க்காரர்தானே" என்று நான் வேலை பார்த்த பத்திரிகை என்னை அனுப்பியது. நான் மதுரைக்காரன் என்று ஆசிரியரிடம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை.

ஆக்லாந்தின் புறநகரான ரானுயியில் அவர்கள் வீடு. வழக்கமான முதல் கேள்வி... "அக்கா, சாரோட முழுப் பேர் சொல்லுங்க."

அவர் உள்ளே திரும்பி, "பிள்ளை, அப்பான்ர பேரை அங்கிளுக்குச் சொல்லு" என்றார்.

"மம்... ஜஸ்ட் சே இட்!" என்று உள்ளிருந்து துசியின் குரல். அப்போது அவள் ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு விளங்காது தம்பி. நான் இவற்ர பேரை ஒருநாளும் வாயால சொன்னதில்லை."

"பேங்க்ல கேட்டா என்னக்கா பண்ணுவீங்க?"

"இவற்ர லைசென்ஸை எடுத்துக் காட்டுவன்." சிரித்தார். அந்தத் துக்க வீட்டில் அன்று நான் கேட்ட ஒரே சிரிப்பு.

துசி வந்து சொன்னாள். கந்தையா தவராசா. கந்தையா, தாத்தாவின் பெயர். தவராசாதான் அப்பா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குழுவினர் என்னிடம் சொல்லியிருந்த பெயர், மவுன்ட் கந்தையா.

இது எப்படி நடந்திருக்கும் என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால் இருக்கும். இந்த ஊரில் முன்னால் இருப்பதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தொழிற்சாலையில் கந்தையா, பனிமலையிலும் கந்தையா... அவர் யாரையும் திருத்தவில்லை.

நான் அதைச் சொன்னதும், "மாமான்ர பேரோ?" என்றார் அக்கா. "மனுசன் ஏணியில ஏறவே பயப்பிடும் தம்பி!"

பிறகு, "எரிக்க உடம்பும் கிடைக்கேல்ல. பேராவது சரியா நிக்க வேணும்" என்றார்.

நகர மையத்தில் ஒரு மாடி அறையில் குழுவின் கூட்டம். அங்கே முடிவாகும் பெயர்தான் அரசுக்குப் போகும். அக்கா வந்து உட்கார்ந்தால் போதும், துசி பேசுவாள் என்று ஏற்பாடு.

துசி தெளிவாகவே பேசினாள். ஆனால் தவராசாவோடு ஒரே கயிற்றில் ஏறிய நண்பர் எழுந்தார். காற்றில் நான் கத்திக் கூப்பிட்ட பெயர் கந்தையா, அவன் திரும்பிப் பார்த்ததும் அதற்குத்தான், எனக்கு வேறு பெயர் தெரியாது என்றார்.

அக்கா தமிழில் சொன்னார். "ஓம், நீங்கள் கூப்பிடேக்க அவர் திரும்பிப் பாத்தவர். உங்களை நோகடிக்கக் கூடாதெண்டு பாத்தவர். மலை அப்பிடித் திரும்புமோ?"

துசி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அப்படியானால் அவரை நாங்கள் எப்படி அழைக்க வேண்டும் என்று கேட்டார் தலைவர்.

துசி வாயைத் திறந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

எழுந்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"தவராசா."

அங்கே என்ன நடந்தது என்று எனக்கும் துசிக்கும் மட்டும்தான் தெரியும். துசி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. அக்கா விடவில்லை... "தவ... ராசா. சொல்லுங்கோ." பனியில் விரலைப் பறிகொடுத்த பெரிய பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியாக அந்தக் கயிற்று நண்பர், கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிசகாமல் சொன்னார்.

"இவருக்கு வந்திட்டுது" என்றார் அக்கா.

உட்கார்ந்ததும், "பிள்ளை, தண்ணி தா." டம்ளரை ஒரே மூச்சில் குடித்துமுடித்தார்.

சிகரத்துக்கு அந்தப் பெயரே வந்தது. ஹெலிகாப்டரில் கூட்டிப்போய்க் காட்டுகிறோம் என்று குழுவினர் அழைத்தபோது அக்கா மறுத்துவிட்டார். "அவர் நடந்து போன இடத்துக்கு நான் பறந்து போறதோ?"

அன்றைக்குப் பிறகு அம்மா அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதே இல்லை என்றாள் துசி. வீட்டில் கடைசிவரை 'இவர்'தான்.

புதன்கிழமை காலை இறுதிக் கிரியை. கயிற்று நண்பருக்கும் சொல்லியாகிவிட்டதாம், வருகிறாராம். நானும் போகிறேன்.

போங்கள், அக்கா. அவர் பக்கத்தில் போய்க் கூப்பிடுங்கள்.