நம்ம வீட்டு வேலை அதில் சேராது

பேகம்பூரில் ஒரு பிரியாணிக் கடையின் சமையற்கட்டில் வெங்காயம் உரித்து நறுக்குவதுதான் ஷமாவின் வேலை. விடியுமுன் போனால் மதியத்துக்கு மேல்தான் வீடு. கணவன் அயாஸ் லாரி ஓட்டுகிறவன். பாதி நாள் வெளியூரில் இருப்பான். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் ரிஃபாத், அந்த வருடம் பள்ளிச் சாரணர் இயக்கத்தில் சின்னப் பெண்களுக்கான நீலப்பறவையர் குழுவில் சேர்ந்திருந்தாள்.

தெருக்குழாயில் வாரம் ஒருமுறைதான் தண்ணீர். ஒரு சனிக்கிழமை ஷமா தோள் வலியோடு வந்து பார்த்தால், பாதிக் குடங்கள் காலி. குழாயும் நின்றுவிட்டது.

“ஏன்டி, தண்ணி வரலையா?”

“வந்துச்சும்மா. சிவனம்மா பெரியம்மாவுக்குப் பிடிச்சுக் குடுத்தேன்.”

பக்கத்து வீட்டுச் சிவனம்மாள் மாவுக்கட்டுப் போட்ட காலோடு தனியாகக் கிடந்தாள்.

“ஒன்னைய யாரு பிடிக்கச் சொன்னா?”

“தெனமும் ஒரு நல்ல காரியம் செஞ்சிட்டு வந்து குழுவுல சொல்லணும்னு மிஸ் சொல்லிருக்காங்க.”

“அந்த நல்ல காரியத்த நம்ம வீட்டுல செஞ்சா என்னவாம்?”

“நம்ம வீட்டு வேலை அதுல சேராதும்மா. அது எப்பவும் செய்யவேண்டியதாம்.”

ஷமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த தெரு அடிபம்பில் உப்புத் தண்ணீர் அடித்துச் சுமந்து வந்தாள். “இனிமே அந்தக் குழுவுக்குப் போகாதே” என்றாள். ரிஃபாத் அழவில்லை. குழுவுக்குக் கழுத்தில் கட்டிப்போகும் ஸ்கார்ஃபை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

மறுவாரம் தண்ணீர் வந்தபோது ஷமா காய்ச்சலில் படுத்திருந்தாள். ரிஃபாத்தே சின்னக் குடத்தில் பிடித்துப் பிடித்து ஊற்றினாள். பிறகு பாயருகே வந்து நின்றாள்.

“நம்ம வீட்டுக்கு நெறஞ்சிருச்சும்மா. பெரியம்மா வீட்டுக்குப் போகட்டுமா?”

“அதான் குழுவுக்குப் போறதில்லையே. யாருகிட்டப் போயி சொல்லப்போறே?”

“யாருகிட்டயும் சொல்லலம்மா. அவங்க வீட்ல குடிக்கவே தண்ணி இல்ல.”

ஷமா தலையைத் தூக்கி நிறைந்த குடங்களைப் பார்த்தாள்.

“போ. பெரிய கொடத்தத் தூக்கித் தொலைக்காதே. பாதி பாதியா கொண்டு போ.”

காய்ச்சல் விட்டதும் மகளை மறுபடி குழுவுக்கு அனுப்பினாள். சிவனம்மாள் ஒருநாள் விடியுமுன் ஜன்னல் வழியே கூப்பிட்டாள்.

“ஷமா, பிள்ளைய நல்லா வளத்திருக்க.”

“நான் எங்க வளத்தேன்க்கா? எனக்குச் செத்த நேரம் ஒக்காரவே முடியல” என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள்.