கொளுத்திக் காட்டிய நூல்

முடி தீய்கிற வாசனை எங்கிருந்து வந்தாலும் என் கை தானாகச் சட்டைப்பைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பட்டுநூல் எரிந்தால் வருகிற வாசனை அதுதான். மூன்று வருஷத்துக்கு முன், ஆவணி மாதம், சின்ன காஞ்சிபுரத்தில் என் புடவைக் கடையில் நடந்தது இது.

திருப்புட்குழியிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். தையல் வேலை செய்து பிள்ளையைத் தனியாக வளர்த்தவர். வரப்போகும் மருமகளுக்கு முகூர்த்தப் புடவை வேண்டும். அரக்கு நிறத்தில் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, "சுத்த பட்டு தானேண்ணா?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. முந்தானை ஓரத்தில் தொங்கும் நூலில் ஒன்றை உருவி, தீக்குச்சியைக் காட்டினேன். முடி வாசனை. விரலில் தேய்த்ததும் உதிர்ந்துபோகிற சாம்பல். அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

முந்தானையில் தொங்குவது நீளவாட்டில் ஓடும் பாவு நூல். அது பட்டுதான். குறுக்கே ஓடும் ஊடை முழுக்க பாலியஸ்டர். எந்த நூலை உருவக் கூடாது என்று எனக்குத் தெரியும். வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லையே என்று அன்று மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டேன், ரசம் வரைக்கும்.

பத்தாம் நாள் அவர் திரும்பி வந்தார். பெண் வீட்டார் ஓரிக்கையில் தறி போட்டிருப்பவர்கள். புடவையைத் தொட்டதுமே பெண்ணின் அப்பாவுக்குச் சந்தேகம். உள்மடிப்பில் ஊசியால் ஊடையைக் கிளப்பி நெருப்பு வைத்திருக்கிறார். அது உருகிச் சின்ன மணியாகத் திரண்டுவிட்டது. "தறிக்காரன் வூட்டுக்கே போலியா?" என்று கேட்டு, கல்யாணப் பேச்சையே நிறுத்திவிட்டாராம்.

நான் பில்லை விரித்தேன். "பட்டுப் புடவைன்னுதான் போட்டிருக்குது. சுத்த பட்டுன்னு நான் சொன்னேனாம்மா?"

"சொல்லலண்ணா. கொளுத்திக் காமிச்சீங்க."

புடவையைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம், கடைக்கு வழக்கமாக வரும் வக்கீல் ஒருவரிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "வாயத் தொறக்காம ஏமாத்துனா சட்டம் உட்டுடும்னு நெனச்சிக்கினு இருக்கியா? தெரிஞ்சே நம்ப வச்ச. நம்பினதாலதான் அந்தம்மாவுக்கு இந்தக் கதி. புடவைய மாத்திக் குடுத்தா முடிஞ்சிடாதுயா. நின்னுபோன கல்யாணத்துக்கும் நீதான் பதில் சொல்லணும்."

மனசாட்சி உறுத்தித்தான் போனேன் என்று எழுத ஆசை. பயந்துதான் போனேன்.

மறுநாள் அந்த அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஓரிக்கைக்குப் போய், பெண் வீட்டில் எல்லார் முன்னாலும், அதே புடவையின் ஊடையை நானே இழுத்துக் கொளுத்தினேன். "இந்தம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்." அதைச் சொல்லி முடிப்பதற்குள் என் நாற்பத்தெட்டு வயசும் மொத்தமாக முதுகில் ஏறிக்கொண்டது. பெண்ணின் அப்பா என்னைத் திட்டவில்லை, பார்க்கவுமில்லை. அந்த அம்மாவிடம் மட்டும், "உள்ள வாங்க சம்பந்தியம்மா, காபி சாப்பிடலாம்" என்றார்.

நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா வாசல் வரை வந்தார். சுத்தப் பட்டில் வேறு புடவை தருகிறேன் என்றேன். வேண்டாமென்று தலையசைத்தார். வழக்கு எதுவும் அவர் போடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். ஒவ்வொரு முறை புடவையை விரிக்கும்போதும் அது இன்னும் என் காதில் விழுகிறது.

"உங்க கடைய நம்பி எங்க தெருவுல மூணு பேர நானே அனுப்பி வச்சேண்ணா. அவங்ககிட்ட நான் போய் சொல்லட்டா, நீங்க வந்து சொல்றீங்களா?"