முன்கட்டிலில் எழுபது கிலோ

சிரிப்பவர்கள் சிரிக்கலாம். பேயைப் பார்த்ததாகச் சொல்பவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் உண்டு. நான் எடை போட்டவன்.

என் பெயர் டெஸ். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் குவீன்ஸ்லாந்தில் பாதிப்பேர் செய்வதைத்தான் நானும் என் மனைவி நோலீனும் செய்தோம். வீட்டைப் பூட்டினோம். யூட் என்கிற பிக்கப் வண்டிக்குப் பின்னால் ஒரு பழைய கேரவனை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். எங்கள் யூட் 2500 கிலோதான் இழுக்கும். அதற்குமேல் ஏற்றினால் மலை இறக்கத்தில் கேரவன் வாலை ஆட்டும். பிறகு யார் யாரை இழுப்பது என்பதைக் கேரவன் முடிவு செய்யும். அதனால் நோலீன் கரண்டிவரை எடை பார்த்துத்தான் ஏற்றினாள். முதலில் இறங்கியது என் பீர் பெட்டி. காலையில் எடைமேடையில் கேரவன் மட்டும் 2460 காட்டியது. தண்ணீர்த் தொட்டி நிறைய, எல்லாம் சேர்த்து.

மதியத்துக்குமேல் யூட்டின் பின்பக்கம் தாழ்ந்தது. ஸ்டியரிங் காற்றில் சுற்றுவதுபோல லேசானது.

"பீரை ஒளிச்சு ஏத்திட்டியாய்யா?"

"சத்தியமா இல்ல."

இரண்டு டின் இருந்தது. முக்கால் கிலோ. அது கணக்கா?

இறக்கம் தொடங்கும் இடத்தில் ஒரு தானியக் கிடங்கு. அங்கே எடைமேடை. மேடைக்காரர் ரஸ் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் ஜூலைதான் குளிர்காலம். இருட்டத் தொடங்கிவிட்டது. கேரவனைக் கழற்றித் தனியாக மேடையில் நிறுத்தினோம்.

2530.

"காலையில போட்டதைவிட எழுபது கிலோ கூட இருக்கு, தலைவரே. மாமியாரை உள்ள வச்சுப் பூட்டிட்டீங்களா?" என்றார் ரஸ், எங்கள் காலைச் சீட்டைப் பார்த்து.

உள்ளே தேடினோம். யாருமில்லை. காலையில் நோலீன் சுருக்கமில்லாமல் விரித்த முன்கட்டில் மட்டும் கசங்கியிருந்தது. நடுவில் ஒரு பள்ளம்.

தொட்டேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.

"இதை இங்கயே விட்டுட்டு ஓடிடலாம், நோலீன்."

"நாப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில வெந்து வாங்கினது. எது வந்தா எனக்கென்ன? தண்ணியத் திறந்து விடு."

தொட்டியிலிருந்த நூறு லிட்டரையும் தரையில் விட்டோம். 2430. போதும். மறுபடி யூட்டில் மாட்டினேன். இப்போது கேரவனின் சக்கரங்கள் மட்டும் மேடைமேல்; முன்பாரம் கொஞ்சத்தை யூட் தாங்கும். உள்ளே பாரம் முன்பக்கம் நகர்ந்தால் இன்னும் யூட்மேல் ஏறும், மேடையில் எண் குறையும். அவ்வளவுதான் விஷயம்.

நாங்கள் மூன்று பேரும் வெளியேதான் நின்றோம்.

2210...

2195...

2180...

தட்... தட்... உள்ளே வெறுங்கால் நடை.

யூட்டின் பின்பக்கம் மெல்ல அமுங்கியது. கட்டில் கிறீச்சிட்டது.

ரஸ் கூலிகூடக் கேட்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டார்.

நோலீன் கேரவன் சுவரில் ஓங்கி அறைந்தாள். "படுத்துக்கோ! ஆனா ஆடக் கூடாது!"

மலை இறங்கத் தொடங்கினோம். இரண்டாவது கியர். ஜன்னல் திறந்திருந்தது.

டக். டக். டக்.

கேரவனின் முன்சுவர். கட்டிலின் தலைமாடு.

டக்டக்டக்டக்...

"நிறுத்துய்யா!"

ஓரம் கட்டினேன்.

தட்டல் நின்றது. யாரோ மூச்சை விட்டார்கள்... நாங்கள் இல்லை.

மறுநாள் கேரவனை எங்களுக்கு விற்ற கிளாரிக்கு நோலீன் ஸ்பீக்கரில் போட்டுப் போன் செய்தாள். நடந்ததைக் கேட்டதும் கிழவர் ஒப்புக்கொண்டார்.

"ஓடுற கேரவன்ல ஆள் இருக்கக் கூடாதுன்னு சட்டம். எனக்கும் தெரியும்மா. பெரிலுக்கு, என் வீட்டுக்காரிக்கு, முதுகு வலி. முன்கட்டில்ல படுத்துக்கிட்டு வந்தா. அந்த இறக்கத்துல டக்டக்னு சத்தம். கேஸ் சிலிண்டர் ஆடுதுன்னு நெனச்சு நிறுத்தாம வந்துட்டேன். கீழ வந்து கதவத் திறந்தா... நெஞ்சு வலின்னாங்க."

கேட்கக் கூடாது. கேட்டேன். "எவ்வளவு எடை இருப்பாங்க?"

"எழுபது."

விற்றுவிடச் சொல்கிறார்கள். விற்க மாட்டோம். முன்கட்டில் பெரிலுக்கு. நாங்கள் சாப்பாட்டு மேசையை மடக்கிப் படுக்கிறோம். தண்ணீர் பாதித் தொட்டிதான், மொத்தம் 2480. எந்த இறக்கத்திலும், எத்தனை லாரி பின்னால் ஹாரன் அடித்தாலும், தட்டினால் நிறுத்துகிறேன்.

போன மாதம் கிளாரி இறந்துவிட்டார்.

இன்று காலை எடை போட்டோம்.

2565.

"என்ன பண்றது?" என்றேன்.

நோலீன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு பேரையும் எவன் இறக்கிவிடுறான்னு பாக்குறேன். நீ பெரிய யூட்டாப் பாரு."