உப்புப் போட்டு அலசிய வல்லாரை

முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்த நாட்களில், என்ன படிக்கிறேன் என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம் "கீரையும் வெள்ளியும்" என்று சொல்லிவைத்திருந்தேன். ஏதோ சித்த வைத்தியம் என்று நினைத்துக்கொண்டு மூட்டுவலிக்கு மருந்து கேட்பார்கள்.

உண்மையில் நான் செய்தது இவ்வளவுதான். வல்லாரையைக் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றில் வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கரைந்திருக்கும் வெள்ளி, கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்களாகத் திரளும். வெளிர்மஞ்சள் சாறு கடைத் தேநீர் நிறத்துக்கு வந்தால் வேலை முடிந்தது. நிறம் சீக்கிரம் மாற வெளிச்சம் வேண்டும். எங்களுக்கு மொட்டைமாடி வெயில். மதுரையில் அது வேண்டாமென்றாலும் கிடைக்கும்.

அந்தத் துகள் நரம்பணுக்களை நச்சிலிருந்து காக்கிறதா என்று பார்ப்பது என் சீனியர் அக்காவின் ஆய்வு. அணுக்களை அவர் "என் பிள்ளைக" என்றுதான் சொல்வார். சௌராஷ்டிரக் குடும்பம், கோபம் வந்தால் மட்டும் வீட்டு மொழிக்குப் போய்விடுவார். எனக்கு அது புரியாததால்தான் எங்கள் நட்பு நீடித்தது.

நான் சொல்லவந்த அன்று அவர் வளர்த்து வைத்திருந்தது கடைசிக் குப்பி அணுக்கள். சரியான பருவத்தில் இருந்தன. அன்று மாலைக்குள் துகள் கொடுக்காவிட்டால் பருவம் தப்பிவிடும். புதுக் குப்பி வரவழைத்து மறுபடி வளர்க்க மாதக்கணக்கில் ஆகும். ஆய்வேடு அதுவரை அந்தரத்தில் நிற்கும்.

"கவலைப்படாதீங்கக்கா, தங்கமா வரும்" என்றேன்.

"தங்கம் வேணாம்டா. வெள்ளி வந்தாப் போதும்."

முந்தின நாளே மாட்டுத்தாவணிச் சந்தையில் வல்லாரை வாங்கி ஆனையூர் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். காலையில் அம்மா டப்பாவில் போட்டுக் கொடுத்தார். கொதிக்கவைத்து, வடிகட்டி, மாடிக்குக் கொண்டுபோய் வெள்ளிக் கரைசலை விட்டேன். சாறு பால்போல் வெளுத்தது.

மூளை உள்ளவன் பதறியிருப்பான். நான் பூரித்தேன். உலகில் யாரும் பார்க்காததைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நான்கு பக்கமும் படம் எடுத்தேன். பத்திரிகைக்குப் படம் கேட்டால் மீசையை எடுப்பதா வைப்பதா என்றுகூட யோசித்துவிட்டேன்.

அக்கா மாடிக்கு வந்து குடுவையைப் பார்த்தார். "என்னடா, மோரு கலக்கி வச்சிருக்க?"

"மோரில்லக்கா. இது வெள்ளை நானோ. புதுசு!"

அவர் வீட்டு மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். பிறகு தமிழுக்குத் திரும்பினார். "கீரைய யாருடா கழுவுனா?"

அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஏம்மா, கீரைய என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்வாக? பூச்சி கீச்சி இருக்கும்ல. கல்லுப்பும் மஞ்சளும் போட்டு ஊறவச்சு, வடிச்சுக் குடுத்தேன். ஏன்டா, உப்பு பத்தலையா?"

உப்பைக் கண்டால் வெள்ளி அதோடு ஒட்டிக்கொண்டு வெள்ளைப் பொடியாகிவிடும். பள்ளிக்கூடத்துப் பாடம். நான் பத்திரிகைப் படம்வரை போயிருந்தேன்.

"இங்க நிக்காத, ஓடு! வெயில் இறங்குறதுக்குள்ள வா" என்றார் அக்கா.

மாட்டுத்தாவணிக்கு வண்டியை விரட்டினேன். கீரைக்கார அம்மா கட்டுகளின்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். ஊர்த் தண்ணீரிலும் உப்பு உண்டு.

"ஆத்தா, வல்லாரை வேணும். தண்ணி தெளிக்காததாக் குடுங்க."

"ஏன், கீரைக்குச் சளி புடிச்சுருமாக்கும்?" என்றவர், என் கையைப் பார்த்தார். வெள்ளிக் கரைசல் பட்டுப்பட்டு விரலெல்லாம் கறுத்திருந்தது. தேர்தல் மையிலும் இதே சரக்குதான். "பத்து ஓட்டா போட்ட? எந்தக் கட்சிய்யா அம்புட்டுத் துட்டு குடுத்துச்சு?"

சுற்றியிருந்தவர்கள் சிரிக்க, நானும் சிரித்தபடி ஓடிவந்தேன்.

இம்முறை காய்ச்சி வடித்த நீரில் நானே அலசினேன். சாறு தயாரானது. மாடியில் வைத்து வெள்ளியை விட்டதும் ஒரு மேகம் வந்து சூரியனை மூடியது. ஆண்டு முழுக்க மண்டையைப் பிளக்கிற வெயிலுக்கு அன்றைக்குத்தான் வெட்கம் வந்தது. கொஞ்ச நேரத்தில் மேகம் நகர, நான் அறிவியலை ஒதுக்கிவைத்துவிட்டுச் சூரியனைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"கும்புட்டதெல்லாம் சரி, கொஞ்சம் தள்ளி நில்லு. உன் நிழல்தான் குடுவை மேல விழுது" என்றார் அக்கா.

தள்ளி நின்றேன். சாறு மெல்லச் சிவந்து, பழுத்து, தேநீர் நிறத்துக்கு வந்தது. இருவரும் மாடியிலேயே குதித்தோம். இயந்திரத்தில் சுழற்றித் துகளைப் பிரித்து, கழுவி, வடிகட்டி, விளக்கு வைக்கிற நேரத்தில் துகள் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் நச்சைக் கொடுத்தோம். அதற்கும் மறுநாள் அக்கா நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். துகள் கொடுக்காத அணுக்கள் சுருண்டு கிடந்தன. கொடுத்தவற்றில் பெரும்பாலானவை கையை நீட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டோடு பேசுவதுபோல் இருந்தன. தட்டில் பிழைத்தது மனிதன் தலைக்குள் பிழைக்குமா என்பது வேறு கதை. அதற்கு இன்னும் எவ்வளவோ தூரம். ஆனால் அக்கா கத்தினார், வீட்டு மொழியில். ஒரு வார்த்தை தெரியாமலே அத்தனையும் புரிந்தது.

உப்பு செய்த வேலையையும் பிள்ளைகள் பிழைத்ததையும் அம்மாவிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார். அடுத்த முறை கீரையைத் தொடாமல் கொடுத்தார். ஆனால் முகம் சரியில்லை. வாசல்வரை வந்து, குரலைத் தணித்துச் சொன்னார்:

"உங்கூடப் படிக்கிற அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லிருடா, நம்ம வீட்ல கீரையக் கழுவித்தான் ஆக்குவோம்னு."