மைக்ராஸ்கோப்பின் அடியில் ஒரு சின்னக் கம்பி

போன வாரம் பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கள் லேபில் கரண்ட் போனது. இன்வெர்ட்டரும் கையை விரித்துவிட்டது. என்னோடு வேலை பார்க்கும் டெக்னீஷியன் பிரியா மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்து, "அவ்ளோதான் மேடம், பூடுச்சி. இனிமே கரண்டு வந்தாத்தான்" என்றாள். ஜன்னலுக்கு வெளியே கள்ளக்குறிச்சி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. ஊருக்கே இவ்வளவு வெளிச்சம், உள்ளே ஒரு ஸ்லைடு பார்க்க வழியில்லை! புது மைக்ராஸ்கோப்பின் அடியில் இருப்பது குட்டி எல்.இ.டி. விளக்கு. வெயிலைப் பிடித்து மேலே அனுப்ப அதில் கண்ணாடி கிடையாது.

நான் முதல் சம்பளம் வாங்கியது கண்ணாடி வைத்த மைக்ராஸ்கோப்பில்தான். கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் கல்வராயன் மலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. லேப் என்றால் ஒரு மேசை, ஒரு ஜன்னல், ஒரு ஒற்றைக்கண் மைக்ராஸ்கோப். படித்த இடத்தில் பல்பு வைத்ததில் பழகியவள் நான். இதைப் பார்த்ததும் அழுகையே வந்தது. அடியில் கவட்டை போன்ற பிடியில் ஒரு வட்டக் கண்ணாடி. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குழிவு. ஆஸ்பத்திரியைப் பெருக்கித் துடைக்கும் கோவிந்தம்மா அதில் குனிந்து பொட்டைச் சரிபார்ப்பார். குழிந்த பக்கம் திரும்பியிருந்தால், "இன்னாம்மா இது, மூஞ்சி இவ்ளோ பெருசா கீது!" என்று சிரிப்பார்.

உங்களுக்கு இதைச் சொல்லிவிடுகிறேன், சொன்னால்தான் என் முட்டாள்தனம் விளங்கும். கண்ணாடி வெளிச்சத்தைப் பிடித்து மேலே திருப்பும். அதற்கு மேலே இருக்கும் கண்டென்சர் அதைக் குவித்து, ஸ்டேஜில் வைத்த ஸ்லைடுக்குள் செலுத்தும். ஸ்லைடில் இருப்பதை அப்ஜெக்டிவ் லென்ஸ் ஒரு முறை பெரிதாக்கும்; குழலின் உச்சியில் இருக்கும் ஐபீஸ் இன்னொரு முறை பெரிதாக்கிக் கண்ணுக்குக் கொடுக்கும். பத்து மடங்கு லென்ஸ் சாது, இருக்கிற வெளிச்சத்தில் காலத்தை ஓட்டிவிடும். நூறு மடங்கு லென்ஸ் அப்படியில்லை, எவ்வளவு கொடுத்தாலும் போதாது. வெளிச்சம் சிதறாமல் இருக்க அதற்கும் ஸ்லைடுக்கும் நடுவே ஒரு சொட்டு எண்ணெய் வேறு விட வேண்டும். லேசாக மர வாசனை அடிக்கும் எண்ணெய். அந்த வாசனை எங்கே வந்தாலும் எனக்கு ராமாயி ஞாபகம் வந்துவிடும்.

ராமாயிக்கு முப்பது வயது இருக்கும். இரண்டு மாதமாக இருமல். ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து நடந்தே வந்து சளி கொடுத்தாள். டி.பி. கிருமி இருந்தால், சாயம் ஏற்றிய ஸ்லைடில் நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். நான் பார்த்துச் சொன்னால்தான் மாத்திரை. அது ஐப்பசி மாதம், மேகம் ஜன்னலிலேயே வந்து உட்கார்ந்திருக்கும். பத்து மடங்கில் மங்கலாக ஏதோ தெரிந்தது. எண்ணெய் விட்டு நூறுக்குத் திருப்பினால் ஒரே இருட்டு. "வெளிச்சம் இல்ல, நாளைக்கு வா" என்றேன்.

மறுநாளும் வந்தாள். மறுநாளும் இருட்டு. டாக்டர் கேட்டதற்கும் வானத்தையே கை காட்டினேன். மூன்றாம் நாள் ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு, "யம்மா, கூலிக்குப் போவணும். இன்னிக்காவது பாத்து சொல்லும்மா" என்றாள். கண்ணாடியைத் திருப்பித் திருப்பிக் கை வலித்துப்போன எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வானம் மூடிக்கினு கெடந்தா நான் இன்னா பண்ணட்டும்?" என்று அவள் மேலேயே எரிந்து விழுந்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டே போனாள்.

நான்காம் நாள் நல்ல வெயில். ஆசையாகக் கண்ணாடியைத் திருப்பினேன். அப்போதும் இருட்டு! குனிந்து அடியில் பார்த்தேன். கண்டென்சருக்குக் கீழே ஐரிஸ் என்று ஒன்று உண்டு. மெல்லிய தகடுகள் விரிந்து சுருங்கி, உள்ளே போகிற வெளிச்சத்தைக் கூட்டும், குறைக்கும். அதை நகர்த்த ஒரு சின்னக் கம்பி. அந்தக் கம்பி கடைசி வரை தள்ளப்பட்டு, ஐரிஸ் ஊசித்துளை அளவுக்கு மூடிக் கிடந்தது. கோவிந்தம்மா பதறிப்போய், "நான் தூசிதாம்மா தொடச்சேன்" என்றார். அவர் மேல் என்ன தப்பு? உட்கார்ந்ததும் அதைத் தொட்டுப் பார் என்பதுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

கம்பியை நகத்தால் நகர்த்தினேன். முதல் பார்வையிலேயே சிவப்புக் குச்சிகள், கொத்துக் கொத்தாக.

சுகாதாரப் பணியாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு அன்றே ஓடினேன். வீட்டுப் படலைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண், "புள்ளைங்கள இட்டுக்கினு காப்பித் தோட்டத்துக்குப் பூட்டாங்க. எந்தத் தோட்டமுன்னு தெரிலிங்க" என்றாள். தெரிந்த இடத்துக்கெல்லாம் சொல்லி அனுப்பினோம். நான் அங்கிருந்த இரண்டு வருஷமும் அவள் திரும்பவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடுத்து வந்த மேகமூட்ட நாளில், ஐரிஸை நன்றாகத் திறந்து வைத்து அதே ஸ்லைடை வேண்டுமென்றே பார்த்தேன். மங்கல்தான். ஆனாலும் தெரிந்தது. மூன்று நாள் வானத்தைத் திட்டியதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையலாம் போல இருக்கிறது.

கரண்ட் வந்தது. பிரியாவுக்கு முன்னால் என் கை கம்பிக்குப் போனது. "தொறந்துதான் மேடம் கீது. தெனமும் இன்னாத்துக்கு இதையே தொட்டுப் பாக்கறீங்க?" என்றாள். பழக்கம் என்றேன்.

அந்த மைக்ராஸ்கோப் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. சளியை இப்போது மெஷினில் வைத்தால் அதுவே சொல்லிவிடுகிறது, அதற்கு வானமும் வேண்டாம், என் கண்ணும் வேண்டாம். அந்த வருஷத்து ரிஜிஸ்டரைக் கரையான் அரித்திருக்கும். அதில் ராமாயி பெயருக்கு நேரே, 'நோயாளி வரவில்லை' என்று என் கையால் எழுதியிருந்தேன். அவள் மூன்று நாளும் வந்தாள்.